42 பந்துகளை நம்பினேன்: கல்லூரி ஃபார்வர்டை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீரர்களைப் பார்த்து எடைபோட்டு அறிக்கை எழுதும் தொழிலை என்னிடம் பழகும் இரண்டு இளைஞர்கள் சென்ற மாதம் ஆளுக்கொரு அறிக்கை எழுதிக் கொண்டுவந்தார்கள். இருவரும் எழுதியது ஒரே வீரரைப் பற்றி. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இரண்டாம் ஆண்டு ஆடும் ஃபார்வர்டு, அதாவது வளையத்துக்கு அருகிலும் பக்கவாட்டிலும் ஆடும் உயரமான வீரர். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் அணிகள் ஆண்டுதோறும் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இடம் கிடைக்குமா என்பது கேள்வி. இரண்டு அறிக்கைகளும் ஒரே வரியில்தான் தொடங்கின: "மூன்று புள்ளி எறிதலில் 44 சதவீதம்." கூடைக்குத் தொலைவில் உள்ள கோட்டுக்கு வெளியே நின்று எறிவது அது. எத்தனை எறிதல்களில் என்பதை இருவருமே எழுதவில்லை. படித்தவுடன் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2011-இல் என் குறிப்பேட்டில் நானும் இப்படித்தான் தொடங்கியிருந்தேன்.

துணுக்குக் காட்சிகளை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, சராசரிப் புள்ளிகள் ஏமாற்றும், எதிரணியின் வலுவைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே எவருக்கும் புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். பல ஆண்டுகள் பழகியவர்களும் விழுகிற குழிகள் சில இருக்கின்றன. நானும் அவற்றில் விழுந்திருக்கிறேன்.

சிறு எண்ணிக்கையில் பிறந்த பெரிய சதவீதம்

2011 மார்ச் 24. கல்லூரி அணிகளின் தேசியச் சாம்பியன்ஷிப்பான என்சிஏஏ போட்டியின் மேற்குப் பிரிவு ஆட்டங்கள் அனஹைமில் நடந்தன. அரிசோனாவின் டெரிக் வில்லியம்ஸ், நடப்புச் சாம்பியனான டியூக்குக்கு எதிராக 32 புள்ளிகள் குவித்தார். கோட்டுக்கு வெளியே நின்று 6 பந்துகள் எறிந்தார். 5 வலைக்குள் போயின. டியூக் போட்டியிலிருந்து வெளியேறியது. அன்றிரவே அவரைப் பற்றிய என் பக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். பருவம் முழுவதும் 74 எறிதல்களில் 42, அதாவது 56.8 சதவீதம். 6 அடி 8 அங்குல உயரமுள்ள ஒருவர் இப்படி எறிந்தால் அதற்கு மேல் என்ன கேட்பது என்று நினைத்தேன்.

அதே இரவு, அதே அரங்கில், சான் டியேகோ ஸ்டேட் அணி கனெக்டிகட்டிடம் தோற்றது. அந்த அணியின் ஃபார்வர்டு பெயர் கவாய் லெனர்ட். அவருக்கு நான் ஒதுக்கியது அரைப் பக்கம். "ரீபவுண்டு (தவறித் துள்ளும் பந்து) எடுப்பார், கை பெரிது, வெளியிலிருந்து எறிய வராது" என்று எழுதினேன். அந்தப் பருவத்தில் அவர் 86 எறிதல்களில் 25-ஐ மட்டுமே கூடையில் போட்டிருந்தார். 29 சதவீதம்.

மூன்று மாதம் கழித்து நடந்த டிராஃப்டில் மினசோட்டா வில்லியம்ஸை இரண்டாவதாக எடுத்தது. லெனர்டை 15-ஆவதாக எடுத்த இண்டியானா, ஜார்ஜ் ஹில்லைப் பெற்றுக்கொண்டு அவரைச் சான் அன்டோனியோவுக்குக் கொடுத்தது. வில்லியம்ஸின் மூன்று புள்ளிச் சதவீதம் என்பிஏவில் ஆடிய காலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 30-ஐ ஒட்டித்தான் நின்றது. எறிய வராது என்று நான் எழுதிய லெனர்ட் முதல் ஆண்டிலேயே 37 சதவீதத்துக்கு மேல் எறிந்தார். 2014-இலும் 2019-இலும் இறுதித் தொடரின் சிறந்த வீரரானார்.

பலர் இதைக் கேட்டுவிட்டு "யாருக்குத்தான் எதிர்காலம் தெரியும்" என்று கடந்துபோகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். லெனர்ட் இவ்வளவு பெரிய வீரராவார் என்பதை அன்றைக்கு யாரும் கணித்திருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருவருக்கும் இடையே நான் கண்ட 28 சதவீதப் புள்ளி இடைவெளியில் பெரும்பகுதி வெறும் தோற்றம் என்பதை அன்றைக்கே, ஒரு துண்டுத் தாளில், ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம்.

கணக்கு இதுதான். நன்றாகவே எறியக்கூடிய, 38 சதவீதத்துக்காரர் ஒருவர் 74 பந்துகள் எறிந்தால் 28 விழும். வில்லியம்ஸுக்கு விழுந்தவை 42. வித்தியாசம் 14 பந்துகள். அரிசோனா அந்தப் பருவத்தில் ஆடியது 38 ஆட்டங்கள். மூன்று ஆட்டத்துக்கு ஒரு பந்து வளையத்தில் பட்டு உள்ளே விழுவதா, வெளியே துள்ளுவதா என்பதுதான் "நல்ல எறிதல்காரர்" என்பதற்கும் "தலைமுறைக்கு ஒருவர்" என்பதற்கும் நடுவே நின்றது. நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான ஃபார்வர்டுகள் ஆடுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் அவர்களில் சிலருக்கு இப்படிப் பந்துகள் உள்ளே விழும். நம் கண் தேடிப்போவது அந்தச் சிலரைத்தான்.

அடுத்து, எதிரணியின் விதிமீறலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ. யாரும் தடுக்காத, தூரம் மாறாத, எண்ணிக்கையும் கூடுதலாகக் கிடைக்கும் எறிதல் அது. கையின் உண்மையான தரம் அங்கே சீக்கிரம் தெரியும். அந்தப் பருவத்தில் வில்லியம்ஸ், லெனர்ட் இருவருமே 75 சதவீதத்தைச் சுற்றித்தான் நின்றார்கள். ஒருவர் கை வைரம், மற்றவர் கை கட்டை என்று மூன்று புள்ளிக் கோடு சொன்னது. ஃப்ரீ த்ரோ கோட்டில் அப்படி ஒரு வேறுபாடே தெரியவில்லை. இரண்டு எண்களும் என் குறிப்பேட்டில், ஒரே பக்கத்தில் இருந்தன. நான் ஒன்றை மட்டும் படித்தேன்.

இப்போது நான் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். எந்த வீரரின் கணக்கோடும், சாதாரணக் கல்லூரி வீரர் எறிந்ததுபோல 200 எறிதல்களைச் சேர்த்துக்கொள்கிறேன். 34 சதவீதம் என்று வைத்தால் அதில் 68 விழும். வில்லியம்ஸின் 42-ஐ அதோடு கூட்டினால் 274-க்கு 110, அதாவது 40 சதவீதம். லெனர்டின் 25-ஐக் கூட்டினால் 286-க்கு 93, ஏறக்குறைய 32.5 சதவீதம். 28 புள்ளி இடைவெளி 8-க்கும் கீழே இறங்கிவிட்டது. 200 என்பது நானாக வைத்துக்கொண்ட எண். 150 என்றோ 250 என்றோ நீங்கள் வைத்தாலும் முடிவு பெரிதாக மாறாது. 400 எறிதல்களைக் கண்ட நான்காம் ஆண்டு வீரருக்கு இந்தச் சேர்ப்பு அதிகம் செய்யாது. 50 எறிதல்களோடு வருபவருக்கு எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

எண்ணை அடக்கிய பிறகு படக்காட்சிக்குப் போங்கள். அன்றைய கல்லூரிக் கோடு 20 அடி 9 அங்குலம். என்பிஏ கோடு நடுப்பகுதியில் 23 அடி 9 அங்குலம், மூலைகளில் 22 அடி. 2019-20 பருவத்திலிருந்து முதல் பிரிவு ஆண்கள் கோடு 22 அடி 1¾ அங்குலத்துக்குப் பின்வாங்கியிருக்கிறது. இரண்டு கோடுகளுக்கும் இடையிலான வித்தியாசம் குறைந்துவிட்டது என்றாலும் எதிரே நிற்பவர் இன்னும் வேறுதான். கல்லூரியில் பவர் ஃபார்வர்டை (இரண்டு ஃபார்வர்டுகளில் வளையத்துக்கு அருகில் ஆடும் வலுவானவரை) காவல் காப்பவர் பெரும்பாலும் வளையத்தை விட்டு வெளியே வரத் தயங்கும் பருத்த உருவத்தினர். எறிபவருக்குக் காலைச் சரிசெய்து, மூச்சு விட்டு எறிய நேரம் கிடைக்கும். என்பிஏவில் அந்த நேரம் கிடையாது. ஆகவே ஒவ்வோர் எறிதலையும் பார்த்துக் குறியுங்கள்: நின்ற இடத்திலா, ஓடி வந்து நின்றா? தடுப்பவர் எட்டுகிற தூரத்தில் இருந்தாரா? பந்தை வாங்கியதும் இடுப்புக்குக் கீழே இறக்கினாரா? தவறியவை முன்னும் பின்னும் விழுந்தனவா, இடமும் வலமும் விலகினவா? முன்பின் தவறினால் அது பெரும்பாலும் காலின் களைப்பு. இடவலம் விலகினால் கையின் அமைப்பில் கோளாறு. அதைத் திருத்த நாளாகும். திருத்த முடியாது என்று சொல்லவில்லை. லெனர்டின் எறிதலைச் சான் அன்டோனியோவின் எறிதல் பயிற்சியாளர் சிப் எங்கலண்ட் திருத்தினார். அங்கே திருத்துவதற்கு ஏற்ற அடித்தளம் இருந்தது என்பதைத்தான் ஃப்ரீ த்ரோ முன்கூட்டியே சொல்லியிருந்தது.

இவ்வளவும் 2011-லேயே கற்றுக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2014-இல் ஒரு சிறிய ஏஜென்ட் நிறுவனத்துக்காக அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டு ஃபார்வர்டு ஒருவன். அறுபதுக்கும் குறைவான எறிதல்கள், பாதியை நெருங்கிய சதவீதம். ஃப்ரீ த்ரோவோ அறுபதைத்தான் சற்றுத் தாண்டியிருந்தது. "இந்த ஆண்டே டிராஃப்டுக்கு வரட்டும்" என்று எழுதினேன். அன்றைய விதிப்படி ஏஜென்ட்டுடன் கையெழுத்திட்டால் கல்லூரி ஆட்டத் தகுதி அதோடு முடிந்துவிடும். கையெழுத்திட்டான். டிராஃப்டுக்கு முந்தைய பயிற்சி முகாம்களில், நீண்ட கோட்டிலிருந்து, ஒவ்வோர் அணியின் கண்முன்னும் அவன் எறிந்த பந்துகள் வளையத்தின் முன்விளிம்பில் மோதி விழுந்தன. டிராஃப்டில் தேர்வான 60 பெயர்களும் வாசிக்கப்பட்டன. அவன் பெயர் வரவில்லை. நிறுவனம் இழந்தது பயிற்சிச் செலவை. அவன் இழந்தது கல்லூரியின் கடைசி ஆண்டை. அவன் தாய் என்னிடம் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நீங்கள் எத்தனை ஆட்டம் பார்த்தீர்கள்?" நான்கு என்றேன். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

என் இளைஞர்களின் 44 சதவீதம், 50 எறிதல்களில் 22 என்று பிறகு தெரிந்தது. அறிக்கைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உயரம்

காலணி இல்லாமல் அளந்ததை மட்டும் எழுதுங்கள். அதோடு கைவிரிப்பையும்.

பளு தூக்கல்

2007-இல் டிராஃப்டுக்கு முந்தைய சோதனையில் கெவின் டுரான்ட் 185 பவுண்டை ஒருமுறைகூடத் தூக்கவில்லை. பின்னாளில் லீக்கின் சிறந்த வீரரானார்.

பிறந்த தேதியைப் பாராமல் ஒப்பிடுவது

22 வயதுக்காரர் 18 வயதுப் பையன்களைத் தோளால் தள்ளிவிட்டுப் புள்ளி எடுப்பதில் வியப்பில்லை. வட கரோலினாவின் டைலர் ஹான்ஸ்பரோ 2008-இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர், 2009-இல் சாம்பியன். என்பிஏவில் அவர் உழைப்பாளியான மாற்று வீரராகவே இருந்தார். தோள் வலு அவருக்குக் குறையவில்லை. எதிரே நின்றவர்களுக்கும் அதே வலு வந்துவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் கொடுத்த கூடுதல் ஆண்டால் 23, 24 வயதில் ஆடுபவர்கள் அதிகமானார்கள். இப்போது கல்லூரியிலேயே பணம் கிடைப்பதாலும் பலர் தங்கிவிடுகிறார்கள். வகுப்பு ஆண்டை எழுதாதீர்கள். வயதை மாதக்கணக்கோடு எழுதுங்கள்.

ஆனால் வயதைப் போலவே ஆடிய ஆண்டுகளையும் கேட்க வேண்டும். கேமரூனிலிருந்து வந்த பாஸ்கல் சியாகம் பதின்ம வயதின் பிற்பகுதியில்தான் இந்த ஆட்டத்துக்கே வந்தார். நியூ மெக்சிகோ ஸ்டேட்டிலிருந்து 2016-இல் 27-ஆவதாக எடுக்கப்பட்டபோது அவருக்கு 22 வயது. பிறந்த தேதியை மட்டும் பார்த்தவர்கள் "இவ்வளவுதான்" என்று முடிவு கட்டினார்கள். மூன்று ஆண்டில் லீக்கிலேயே அதிகம் முன்னேறிய வீரர் விருது அவருக்குக் கிடைத்தது.

யாரைத் தடுப்பார் என்று கேட்காமல் எழுதுவது

ஃபார்வர்டுக்கு மட்டும் உரிய சிக்கல் இது. பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு யாரைத் தடுப்பார் என்பதில் பெரிய குழப்பம் வராது. ஃபார்வர்டு அப்படியல்ல. ஓர் ஆட்டத்திலேயே மூன்று வகை ஆட்களிடம் மாட்டிக்கொள்வார். பிக் அண்ட் ரோலில் (சக வீரர் குறுக்கே நின்று பந்து வைத்திருப்பவருக்கு வழி ஏற்படுத்தும் ஆட்டமுறை) காவல் மாற்றிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், சிறிய, வேகமான ஒருவர் எதிரே வந்து நிற்பார்.

2012-இல் மிச்சிகன் ஸ்டேட்டின் டிரேமண்ட் கிரீனைப் பற்றி எல்லா அறிக்கையும் ஒன்றையே சொன்னது: பவர் ஃபார்வர்டுக்கு உயரம் போதாது, ஸ்மால் ஃபார்வர்டுக்கு வேகம் போதாது. "எந்த இடத்தில் ஆடுவார்?" என்று எல்லோரும் கேட்டார்கள். "யாரைத் தடுப்பார்?" என்று கேட்டிருந்தால், ஏறக்குறைய எல்லோரையும் என்ற பதில் நான்கு ஆண்டு ஆட்டங்களில் கிடைத்திருக்கும். 35-ஆவதாகப் போனார். 2017-இல் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரரானார்.

இன்னொரு சிக்கல், ஓர் ஆளை அல்லாமல் ஓர் இடத்தைக் காக்கும் மண்டலத் தடுப்பு. சிரக்யூஸில் ஜிம் போஹைம் பயிற்சியாளராக இருந்த காலத்தில் 2-3 மண்டலம்தான் (முன்னே இருவர், பின்னே மூவர்) அவர்களின் அடையாளம். அங்கே ஆடிய ஃபார்வர்டு நேருக்கு நேர் ஒருவரைத் தடுத்து நிற்பதைப் பார்ப்பதே அரிது. பல முழு ஆட்டங்களைப் பார்த்தாலும் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்காது. அப்போது "தடுப்பாட்டம் பலவீனம்" என்று எழுதுவது பிழை. "இங்கே தெரியவில்லை" என்று எழுதுங்கள். அந்த மண்டலத்திலிருந்து 2014-இல் 39-ஆவதாகப் போன ஜெராமி கிரான்ட், பிற்காலத்தில் எதிரணியின் முதன்மை வீரரைத் தடுக்க அனுப்பப்படும் ஆளானார்.

நான் செய்வது இது: ஒரு முழு ஆட்டத்தை இரண்டு முறை பார்ப்பேன். இரண்டாம் முறை பந்தின் பக்கம் பார்வையைத் திருப்பவே மாட்டேன். அவருடைய கால்களை மட்டும் பார்ப்பேன். வேகமான கார்டு எதிரே வந்ததும் இடுப்பு திரும்பிவிடுகிறதா, பக்கவாட்டில் மூன்றாவது எட்டு வைக்க முடிகிறதா, பந்து மறுபக்கம் போனதும் தலை இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று குறிப்பேன். 40 நிமிட ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும்.

"இவர் அடுத்த இன்னார்"

எழுதாதீர்கள். படிப்பவர் அந்தப் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுவார்.