செம்மண் திடலில் கால்பந்துக் களம் குறிக்கும் முறை

டென்மார்க்கின் ஃபாரும் என்னும் சிறுநகரில், 2012-இல் அந்நாட்டுச் சாம்பியனான நோர்ஷெலாண்ட் கழகத்தின் சொந்த அரங்கம் உள்ளது. ஏறத்தாழ 10,000 பேரே கொள்ளும் அவ்வரங்கின் செயற்கைப் புல்தரையில் காணும் அதே கோடுகளைத் தருமபுரியின் செம்மண் திடலிலும் கயிறும் கோலமிடும் கல்மாவும் கொண்டு பிசகின்றி இட்டுவிடலாம்.

முதலில் 105 மீட்டர் பக்கக்கோட்டின் இரு முனைகளிலும் முளையடித்துக் கயிற்றை இழுத்துக் கட்டவும். மூலையைச் செங்கோணமாக்குவதே கடினமான வேலை. முளையிலிருந்து பக்கக்கோட்டுக் கயிற்றில் 3 மீட்டரும், அதே முளையில் கட்டிய இரண்டாம் கயிற்றில் 4 மீட்டரும் அளந்து, அவ்விரு புள்ளிகளுக்கும் இடையே சரியாக 5 மீட்டர் வரும்வரை இரண்டாம் கயிற்றை நகர்த்த வேண்டும். அகலம் 68 மீட்டர் எனக் குறித்தபின், இரு மூலைவிட்டங்களும் 125.1 மீட்டர் வருகின்றனவா என்று பார்க்கவும்; கண்ணளவை நம்பி நாங்கள் போட்ட முதல் களம் கோணிக்கொண்டுதான் கிடந்தது. நைலான் கயிறு இழுக்க இழுக்க நீளும் என்பதால், அளப்பதற்கு நாடாவே ஏற்றது.

நடுவட்டத்தின் ஆரம் 9.15 மீட்டர், பெனால்டி புள்ளி கோல்கோட்டிலிருந்து 11 மீட்டர், கோல் கம்பங்களின் உள் இடைவெளி 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். கோட்டின் அகலம் 12 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

காற்றடங்கிய விடியற்காலையில், மண்ணில் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு மாவைத் தூவினால் கோடு பறக்காது. சுண்ணாம்பு வேண்டாம், சறுக்கி விழுபவரின் சிராய்ப்பில் அது எரியும்.