பாலியல் தொற்று பற்றி இளையவர்களிடம் பேசும்போது தவிர்க்க வேண்டியவை

போன சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபம். பயிற்சி முடித்த கையோடு வந்த இரண்டு பேர் வகுப்பெடுத்தார்கள், நான் பின்வரிசையில் இருந்து பார்த்தேன். 11 வருடத்துக்கு முன் நான் விட்ட அதே பிழைகள். குரல் நடுங்குவதும் ஸ்லைட் மாறிப்போவதும் பத்து வகுப்போடு சரியாகிவிடும், அதை விடுவோம்.

படம் காட்டிப் பயமுறுத்துவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். முற்றிய நோயின் புண்ணையும் சீழையும் ஒவ்வொரு படமாகக் காட்டுகிறோம், முன்வரிசைப் பெடியன் முகத்தைத் திருப்புகிறான், விஷயம் மனசில் பதிந்துவிட்டது என்று நமக்குத் திருப்தி. பதிவது வேறு: நோய் என்றால் பார்க்கவே அருவருப்பாக இருக்கும், என்னிடம் அப்படி எதுவும் இல்லை, ஆகவே எனக்கு நோயில்லை.

என் வகுப்புக்கு வந்த ஒரு தம்பியைச் சில மாதம் கழித்து வெள்ளவத்தை பஸ் தரிப்பிடத்தில் கண்டேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தான். "அண்ணா, ஒரு சின்னப் புண் வந்தது. நோகவே இல்லை, நீங்கள் காட்டின படம் மாதிரியும் இல்லை. ஒரு மாதத்தில் தானாக ஆறிட்டுது." பிறகு உள்ளங்கையை விரித்தான். மங்கிய சிவப்பில் புள்ளி புள்ளியாகத் தடிப்பு, அரிப்பு இல்லையாம்.

சிபிலிஸ் அப்படித்தான் வரும். தொற்றிச் சுமார் மூன்று வாரத்தில் நோகாத புண், அது மூன்று முதல் ஆறு வாரத்தில் மருந்தில்லாமலே ஆறிவிடும், ஆனால் கிருமி உள்ளேயே இருக்கும். அப்புறம் தடிப்பு, அதுவும் மறையும். கவனிக்காமல் விட்டால் பல வருடம் கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கலாம். நேரத்தோடு இரத்தம் சோதித்தால் பென்சிலின் ஊசியில் குணமாகும். அவனுக்கும் குணமாகியது. ஆனால் அதற்குள் இன்னொருவருக்குத் தொற்றியிருந்தது, அதில் என் படங்களுக்கும் பங்கிருக்கிறது.

கிளமிடியா என்ற பாலியல் தொற்று பெரும்பாலான பெண்களிடம் அறிகுறியே காட்டாது, ஆனால் பிள்ளை பெறும் வாய்ப்பையே கெடுக்கலாம். எச்.ஐ.வி. வருடக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கும். இதற்கெல்லாம் எந்தப் படத்தைக் காட்டுவீர்கள்? சோதித்துப் பார்த்தால்தான் தெரியும் என்பதை மூன்று தரம் சொல்லுங்கள், போதும்.

"பாதுகாப்பாக இருங்கள்" என்பதோடு நிறுத்துவது

ஆணுறை என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கெட்டைக் கையில் எடுத்துக் காலாவதித் திகதி எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். பல்லால் கிழிக்கக்கூடாது, கொழும்பு வெக்கையில் மாதக்கணக்கில் பர்சுக்குள் வைத்திருக்கக்கூடாது, தேங்காய் எண்ணெயும் வாஸ்லினும் பட்டால் ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பர் பழுதாகிக் கிழிந்துவிடும். தேங்காய் எண்ணெய் என்றதும் ஒரு வகுப்பில் நாலு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை யாருமே அவர்களுக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை.

"கேள்வி இருந்தால் கையை உயர்த்துங்கள்"

உயர்த்தமாட்டார்கள். துண்டுக் காகிதமும் ஒரு பெட்டியும் கொண்டுபோங்கள்.

தடுப்பூசியைச் சொல்லாமல் விடுவது

2017 முதல் பாடசாலைகளில் 6ஆம் தர மாணவிகளுக்கு, பாலுறவில் தொற்றும் எச்.பி.வி. வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போடுகிறார்கள். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கத்தான் அது என்று தாய்மாருக்கும் சொல்லுங்கள்.

எங்கே போவது என்று சொல்லாமல் முடிப்பது

தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கிளினிக் கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் இருக்கிறது. சோதனையும் மருந்தும் இலவசம், விபரம் வெளியே போகாது. இன்னொன்று, எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்று பயப்படுகிறவர் தடுப்பு மருந்தை, சம்பவம் நடந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒருவன் கதவடியில் நின்று "முந்தாநாள் இரவு..." என்று தொடங்கினால், அவனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். மணித்தியாலத்தைக் கணக்குப் பார்த்து, அவனோடு பஸ் ஏறுங்கள்.