ஃப்ளஷ் சரியாகப் போகவில்லையா? முதலில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

பொங்கலுக்கு வீடு நிறைய ஆட்கள் இருந்த நேரத்தில் எங்கள் வீட்டு வெஸ்டர்ன் டாய்லெட் அடைத்துக்கொண்டது. பட்டனை அழுத்தினால் தண்ணீர் மேலே ஏறும், அப்புறம் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கும். கடையில் ஆசிட் வாங்கி இரண்டு பாட்டில் ஊற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் பிளம்பர் ஸ்பிரிங் வயரை விட்டு இழுத்தபோது வெளியே வந்தது ஒரு ஷாம்பு பாக்கெட். பிளாஸ்டிக்கை ஆசிட் என்ன செய்யும்? "ஆசிட் ஊத்தி வச்சிட்டு என்னைக் கை வைக்கச் சொல்றீங்களே" என்று அவர் திட்டியதும் நியாயம்தான். வேலையில் இறங்கும் முன் அவர் செய்த சின்னச் சோதனை ஒன்று உண்டு. இப்போது நானும் அதில்தான் தொடங்குகிறேன்.

வாளிச் சோதனை

தண்ணீர் மேலே ஏறுகிறது என்றால் மறுபடியும் ஃப்ளஷை அழுத்தாதீர்கள், தரையெல்லாம் வழியும். ஃப்ளஷ் டேங்குக்குப் பக்கத்தில் இருக்கும், அதற்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, கோப்பையில் தண்ணீர் வழக்கமான மட்டத்துக்கு இறங்கும்வரை காத்திருங்கள். பிறகு முக்கால் வாளி தண்ணீர் எடுத்து, முழங்கால் உயரத்திலிருந்து கோப்பையின் நடுவில் ஒரே மூச்சில் ஊற்றுங்கள்.

கொடகொடவென்று ஓடிவிட்டால் குழாயில் குறை இல்லை, டேங்கில்தான் ஏதோ கோளாறு. மேலே ஏறி நின்றால் அடைப்பு.

ஏன் ஒரே மூச்சில்? கோப்பைக்குப் பின்னால் குழாய் ஒரு முறை மேலே வளைந்துதான் கீழே இறங்கும். அந்த வளைவில் எப்போதும் நிற்கும் தண்ணீர்தான் கழிவுக் குழாயின் நாற்றம் வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. கழிவு அந்த மேட்டைத் தாண்ட வேண்டுமென்றால் தண்ணீர் மொத்தமாக வந்து தள்ள வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் பத்து லிட்டரும் வீண். வேகமாக ஊற்றினால் ஆறு லிட்டரே போதும்.

டேங்கில் கோளாறு என்றால்

மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது நல்ல தண்ணீர்தான், கூச்சப்பட வேண்டாம். நடுவில் ஓவர்ஃப்ளோ குழாய் நிமிர்ந்து நிற்கும். டேங்க் நிரம்பியதும் தண்ணீர் அதன் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே நிற்க வேண்டும். குறைவாக இருந்தால் மிதவையின் திருகைத் திருப்பி உயர்த்துங்கள். தண்ணீரை மிச்சப்படுத்த யாராவது உள்ளே செங்கல்லோ பாட்டிலோ போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். இரட்டைப் பட்டன் டேங்கில் சின்னப் பட்டனுக்குப் பெரும்பாலும் 3 லிட்டர், பெரியதற்கு 6 லிட்டர். எல்லாவற்றுக்கும் சின்னப் பட்டனையே அழுத்துபவர்கள் உண்டு. அதைக் கோளாறில் சேர்க்க முடியாது.

மட்டம் சரி, ஆனாலும் வேகம் இல்லையா? போர் தண்ணீர் வரும் வீடுகளில் கோப்பை விளிம்புக்கு அடியில் இருக்கும் துளைகள் உப்பு படிந்து அடைபடும். ஒரு சின்னக் கண்ணாடியைக் கீழே பிடித்தால் தெரியும். கட்டுக்கம்பியால் துளைகளை மெதுவாகக் குத்தி விடுங்கள். பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 100 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து, பழைய துணியை அதில் நனைத்து விளிம்புக்கு அடியில் செருகி, ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் துணியை மறக்காமல் எடுத்துவிட்டு பிரஷ்ஷால் தேய்த்தால் படிவு உதிரும்.

அடைப்பு என்றால்

ஆசிட் வேண்டாம். அதோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே ஆசிட் ஊற்றியிருந்தால் கீழே சொல்லும் எதையும் செய்யாமல், வரும் பிளம்பரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காகிதம், மலம் போன்ற மென்மையான அடைப்பு என்று தோன்றினால், பாத்திரம் கழுவும் திரவம் அரை டம்ளர் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் அரை வாளி வெந்நீர் விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பீங்கான் விரிசல் விடலாம்.

போகவில்லையா, ரப்பர் பம்பை எடுங்கள். சிங்க்குக்கு வைத்திருக்கும் தட்டைப் பம்ப் இதற்குச் சரிவராது. அடியில் இன்னொரு வாய் நீட்டிக்கொண்டிருக்கும் வகை வேண்டும். ரப்பர் முழுக்கத் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றைத்தான் அடித்துக்கொண்டிருப்பீர்கள். முதல் அழுத்தை மெதுவாகக் கொடுங்கள், இல்லையென்றால் முகத்தில் தெறிக்கும். பிறகு பதினைந்து இருபது முறை விடாமல் அழுத்தி இழுங்கள். எல்லோரும் அழுத்துவதில்தான் பலத்தைக் காட்டுகிறார்கள். இழுக்கும்போதுதான் அடைப்பு அசைந்து தளரும். பம்ப் இல்லாத வீட்டில் மாப் குச்சியின் நுனியில் துணிப்பந்து வைத்து, மேலே பிளாஸ்டிக் பையைப் போட்டு இறுக்கிக் கட்டினால் சமாளிக்கலாம். இந்தியன் கிளாசெட்டுக்கு இந்தத் துணிப்பந்துதான் இன்னும் நன்றாகப் பொருந்தும்.

பாக்கெட், நாப்கின், டூத் பிரஷ் மாதிரி ஏதாவது விழுந்திருந்தால் பம்ப் அடிப்பது அதை இன்னும் உள்ளே தள்ளிவிடும். அதற்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஸ்பிரிங் வயர்தான் சரி. கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே உள்ளே விடுங்கள். தட்டுப்பட்டதும் இன்னும் இரண்டு சுற்று சுற்றி, நிதானமாக வெளியே இழுங்கள். இரும்புக் கம்பியால் இடிக்க வேண்டாம், வளைவு உடைந்தால் கோப்பையையே மாற்ற வேண்டி வரும்.

வீடு முழுக்கத் தண்ணீர் தேங்கினால்

இரண்டு மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் தண்ணீர் மெதுவாகப் போனால் கோப்பையை விட்டுவிட்டு வெளியே போய், வீட்டுக் கழிவுக் குழாய் வந்து சேரும் முதல் சேம்பர் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில். நிரம்பி நின்றால் அதற்கு அப்பால், இல்லையென்றால் செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டது.

செப்டிக் டேங்குக்குள் எட்டிப் பார்ப்பதோ ஆளை இறக்குவதோ கூடவே கூடாது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இரண்டு மூச்சில் ஆளை வீழ்த்தும். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. 14420 என்ற எண்ணில் அழைத்தால் கழிவை உறிஞ்சும் லாரிக்கு ஏற்பாடு செய்யலாம். லாரி வருவதற்குள் டேங்க் மூடி எங்கே இருக்கிறது என்று தேடி வையுங்கள். பல வீடுகளில் அதன் மேல் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள்.