தவளையும் லேசரும்: மந்திரத்தையும் அறிவியலையும் மோதவிடும்போது செய்யும் தவறுகள்

ஒரு கதையில் மந்திரக்கோலும் லேசர் துப்பாக்கியும் மோதினால் எது ஜெயிக்கும்? எடுத்த எடுப்பிலேயே இதைக் கேட்பதுதான் முதல் தவறு. மந்திரம் எந்த இயற்பியல் விதியை மீறும், எதற்குக் கட்டுப்படும் என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சத்தமாகப் பேசுகிறவர் கட்சிதான் ஜெயிக்கும்.

அடுத்த தவறு, மந்திரத்துக்கு அரைகுறையாக அறிவியல் சாயம் பூசுவது. 70 கிலோ எடையுள்ள ஒருவரை 50 கிராம் தவளையாக மாற்றுகிறார் மந்திரவாதி. மீதி நிறை எங்கே போனது? "மாயமாகிவிட்டது" என்றால் பிரச்சினையே இல்லை, அது மந்திரம். "ஆற்றலாக மாறிவிட்டது" என்று கெட்டிக்காரத்தனமாகச் சொன்னால்தான் வம்பு. ஐன்ஸ்டைன் சமன்பாட்டின்படி அந்த ஆற்றல் சுமார் 1,500 மெகாடன் (ஒரு மெகாடன் என்றால் பத்து லட்சம் டன்) டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். 1961-ல் சோவியத் யூனியன் வெடித்துப் பார்த்ததுதான் இதுவரை வெடித்ததிலேயே பெரிய அணுகுண்டு. அதுவே சுமார் 50 மெகாடன்தான். தவளையும் மிஞ்சாது, மந்திரவாதியும் மிஞ்சமாட்டார்.

எனக்கு மிகவும் பிடித்த தவறு, வேகத்தை மறப்பது. தரையில் நிற்கும் மந்திரவாதி மறைந்து, 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றும் விண்கலத்துக்குள் தோன்றுகிறார். கலம் நொடிக்குச் சுமார் 7.7 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. தரையும் பூமியோடு சுழல்கிறதுதான், ஆனால் நிலநடுக்கோட்டில்கூட அது நொடிக்கு அரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. ஆகவே அவர் தோன்றிய கணமே கலத்தின் பின்சுவர் தோட்டாவைவிடப் பல மடங்கு வேகத்தில் வந்து அவரை அறையும்.

சரி, மந்திரமே வேகத்தையும் சரிசெய்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் அந்த மந்திரவாதி ஏன் நெருப்புப் பந்து எறிந்துகொண்டிருக்கிறார்? ஒரு கிலோ கல்லுக்கு நொடிக்கு 7 கிலோமீட்டர் வேகம் கொடுத்தால் போதும், கிட்டத்தட்ட 6 கிலோ டிஎன்டியின் ஆற்றல் அதில் இருக்கும். ஒரு சலுகை கொடுத்துவிட்டு அதன் விளைவுகளை யோசிக்காமல் விடுவதுதான் இந்த வகைக் கதைகளில் நிறைய நடக்கிறது.

மாயமாய் மறைகிற ஆளுக்கும் இதே கதிதான். ஒளி அவரை முழுக்க ஊடுருவிப் போனால் விழித்திரையிலும் தங்காது. யார் கண்ணிலும் படமாட்டார், அவருக்கும் எதுவும் தெரியாது.

இதற்காக அறிவியல் கட்சியை உத்தமர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒளியை முந்தும் எஞ்சினை வைத்துக்கொண்டு மந்திரத்தைக் கேலி செய்வது கொஞ்சம் அதிகம். வெற்றிடத்தில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் லேசர் கற்றை தெரியவும் தெரியாது. சிதறடிக்கத் தூசியாவது வேண்டும்.

லேசர் வருவதைப் பார்த்துவிட்டுக் கவச மந்திரம் சொல்வதும் நடக்காத காரியம். பார்ப்பதற்கு வர வேண்டிய ஒளியே அந்த லேசர்தான். கவசத்தை முன்கூட்டியே போட்டுக்கொண்டால், ஒளியைத் தடுக்கும் கவசத்துக்குள் இருப்பவருக்கு வெளியே ஒரே இருட்டு. லேசரின் நிறத்தை மட்டும் தடுக்கும் கவசம் என்று சமாளிக்கலாம், எதிரி நிறத்தை மாற்றும்வரை.