ஜன்னல் கண்ணாடி மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: கண்ணாடிக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள்

புதுக் கண்ணாடி போட்டு இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. கல் எதுவும் விழவில்லை, கதவு அடித்துக்கொள்ளவில்லை, யாரும் கைவைக்கவும் இல்லை. ஆனாலும் ஒரு நாள் காலையில் பார்த்தால் கீழ் மூலையிலிருந்து விரிசல் ஓடியிருக்கும். சரக்கு மட்டம் என்று கடைக்காரரைத்தான் குறை சொல்வோம். பெரும்பாலும் குற்றம் சரக்கில் இருக்காது, பொருத்திய விதத்தில் இருக்கும். சட்டத்துக்குள் இம்மிகூட இடமில்லாமல் இறுக்கிப் பொருத்திய கண்ணாடி, மழைக்கு மரம் உப்பும்போது ஓரத்தில் அழுத்தம் வாங்கி உடைந்துவிடும். வீட்டில் நாமே கண்ணாடி மாற்றும்போது செய்யும் தவறுகளில் பல, கடைசியில் இந்த ஒரு விஷயத்தில்தான் போய் நிற்கின்றன.

இங்கே நான் முக்கியமாகச் சொல்வது நம் ஊர் மர ஜன்னலைப் பற்றி. சட்டத்தில் வெட்டிய பள்ளமான காடியில் கண்ணாடியை உட்காரவைத்து, மேலே பீடிங் என்கிற மெல்லிய மரத் துண்டுகளை வைத்து ஆணி அடித்த ஜன்னல். அலுமினியத்துக்கும் யுபிவிசி என்கிற கெட்டி பிளாஸ்டிக் ஜன்னலுக்கும் தனியாக ஓரிரு வார்த்தை பின்னால் வரும்.

உடைந்ததைக் கழற்றுவதற்கு முன்

விரிசல் எங்கே தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள். அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். நடுவில் ஒரு புள்ளியிலிருந்து கதிர் கதிராகப் பிரிந்திருந்தால் ஏதோ பட்டு உடைந்திருக்கிறது. மூலையிலிருந்தோ ஓர் ஆணியின் பக்கத்திலிருந்தோ கிளம்பியிருந்தால் அந்த இடத்தில் ஏதோ அழுத்தியிருக்கிறது. ஓரத்திலிருந்து நேர் செங்குத்தாகப் புறப்பட்டு, உள்ளே போனபின் வளைந்து நெளிந்தால், வெப்பத்தைச் சந்தேகப்படலாம். மேற்கு வெயில் நேராக அடிக்கும் ஜன்னலில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் இப்படி ஆவதுண்டு. நடுப்பகுதி சூடேறி விரியப் பார்க்கும், காடிக்குள் மறைந்திருக்கும் ஓரமோ அவ்வளவு சூடாகாது. அந்த இழுபறியில் ஓரம்தான் முதலில் விட்டுப்போகும்.

காரணம் தெரியாமல் மாற்றினால் அடுத்த கண்ணாடிக்கும் அதே கதிதான். ஆடிக் காற்றில் கதவு படாரென்று அடித்து உடைந்திருந்தால், முதலில் வாங்க வேண்டியது கொக்கி. கீல் தளர்ந்து கதவு தொங்கியிருந்தால் அதன் திருகுகளை முடுக்கிவிட்டுத்தான் மற்ற வேலை.

அப்புறம் கிரில். நம் வீடுகளில் கிரில் உள்பக்கமாகவும் கதவு வெளிப்பக்கம் திறக்கும்படியாகவும் இருப்பது வழக்கம். தரைத்தளம் என்றால் கவலையில்லை. வெளியே நின்று கீலின் திருகுகளைக் கழற்றி, கதவை முழுதாக இறக்கி, மேசைமேல் பழைய போர்வை விரித்து அதில் படுக்கவைத்து வேலை செய்யலாம். நிற்கும் கதவில் வேலை செய்வதைவிட இது பல மடங்கு சுலபம், பாதுகாப்பும்கூட. மாடி ஜன்னல் என்றால் கதவு கிரில் வழியாக உள்ளே வராது. சன்ஷேடில் இறங்கி நின்று பார்த்துவிடலாம் என்ற எண்ணமே வேண்டாம். கையில் கண்ணாடியோடு அங்கே தடுமாறினால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. அந்த வேலையைச் சாரம் கட்டிச் செய்யும் ஆளிடம் விட்டுவிடுங்கள்.

கழற்றும்போது

மெல்லிய துணிக் கையுறை கண்ணாடியைத் தடுக்காது. தோல் கையுறை, மூடிய ஷூ, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, மூன்றும் வேண்டும். ரப்பர் செருப்போடு இந்த வேலையில் இறங்கக் கூடாது. விரிசல் விட்ட கண்ணாடியின் இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாக அகலமான டேப் ஒட்டிவிட்டு, துண்டுகளை மேலிருந்து கீழாக எடுங்கள். கீழ்த்துண்டை முதலில் உருவினால், மேலே ஒட்டிக்கொண்டிருந்த துண்டு பிடிமானம் போய் நேராகக் கைமேல் இறங்கும். ஆழமாகக் கை கிழிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சுத்தியலால் தட்டி உதிர்ப்பதும் வேண்டாம்.

பீடிங்கை மூலையிலிருந்து நெம்பினால் 45 டிகிரியில் வெட்டிய முனை உடைந்துவிடும். நீளமான பீடிங்கின் நடுவில் பட்டி பிளேடையோ அகல உளியையோ செருகி மெல்ல நெம்பினால், அது வில்லாக வளைந்து தானே வெளியே வரும். எது எந்தப் பக்கம் என்று பின்புறம் பென்சிலில் குறித்து வையுங்கள். ஒரே ஜன்னலில்கூட நான்கும் நான்கு அளவில் இருக்கும்.

பழைய வீடு என்றால் ஒரு முக்கியமான எச்சரிக்கை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் நிறையவே இருந்திருக்கலாம். அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் வீடெல்லாம் பரவும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் துளியும் அலட்சியம் கூடாது. தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு சுரண்டி, சுரண்டியதைக் காகிதத்தில் மடித்து அப்புறப்படுத்துங்கள்.

தரையில் சிதறிய பொடிக் கண்ணாடியைத் துடைப்பம் முழுதாக எடுக்காது. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்துப் பாருங்கள், ஒவ்வொரு துணுக்கும் மின்னும். பிசைந்த சப்பாத்தி மாவு ஓர் உருண்டை எடுத்து ஒற்றினால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மாவை உடனே தூக்கிப் போட்டுவிடுங்கள்.

உடைந்த துண்டுகளைப் பாலிதீன் பையில் கட்டிக் குப்பையோடு போடுவது எனக்குப் பொறுக்கவே பொறுக்காத தவறு. அந்தப் பையைத் தூக்குவது ஒரு தூய்மைப் பணியாளரின் கை. தடித்த அட்டைப் பெட்டியிலோ பழைய பெயின்ட் டப்பாவிலோ போட்டு, மூடி டேப் சுற்றி, ‘உடைந்த கண்ணாடி’ என்று பெரிதாக எழுதி, அவரிடமே சொல்லிக் கொடுங்கள். பாட்டில்களோடும் சேர்க்க வேண்டாம், ஜன்னல் கண்ணாடியின் சேர்மானம் வேறு.

அளவு எடுப்பதில்தான் எல்லாம்

வெளியே தெரியும் கண்ணாடியை அளந்துகொண்டு கடைக்குப் போவதுதான் முதல் தவறு. காடிக்குள் மறைந்திருக்கும் பகுதி அதில் வராது. பீடிங்கைக் கழற்றி, பழைய பட்டியையும் (கண்ணாடியைப் பதிக்கும் எண்ணெய்ப் பசை) ஆணியையும் சுத்தமாக எடுத்தபின், காடியின் உள்ளே ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை அளக்க வேண்டும். அதுவும் ஓர் இடத்தில் மட்டும் அல்ல. அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில், உயரத்தையும் அப்படியே மூன்று இடத்தில். ஆசாரிகள் சொல்லும் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள்: 8 நூல் ஓர் இன்ச், ஒரு நூல் என்பது 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட.

ஓர் உதாரணம். அகலம் மேலே 17 இன்ச் 3 நூல், நடுவில் 17 இன்ச் 2 நூல், கீழே 17 இன்ச் 4 நூல் என்று வருகிறது. மூன்றையும் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. மிகச் சிறியதான 17 இன்ச் 2 நூலை எடுத்து, அதிலும் ஒரு நூல் கழித்து, 17 இன்ச் 1 நூல் என்று வெட்டச் சொல்லுங்கள். உயரத்துக்கும் இதே கணக்கு. ஒரு நூல் கழித்தால் கண்ணாடி ஆடுமே என்று பயப்பட வேண்டாம். மர ஜன்னலில் காடி பொதுவாக 3, 4 நூல் ஆழம் இருக்கும். பக்கத்துக்கு அரை நூல் விட்டாலும் பிடிமானத்துக்கு மிச்சம் தாராளமாக இருக்கிறது. அந்த அரை நூல் இடைவெளிதான் மழைக்காலத்தில் கண்ணாடியைக் காப்பாற்றுவது.

அடுத்தது மூலை மட்டம். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் ஒரு நூலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் சட்டம் கோணலாகிவிட்டது என்று அர்த்தம். பழைய ஜன்னல்களில் இது சகஜம். அப்போது எண்களை நம்பிப் பயனில்லை. தடித்த அட்டையைக் காடிக்குள் தளர்வாக உட்காரும்படி வெட்டி, அதையே கடைக்குக் கொண்டுபோங்கள். மரத்தின் காடியைச் செதுக்கிப் பெரிதாக்கலாம் என்பது கடைசி வழிதான்.

போனில் அளவு சொல்வதையும் தவிர்க்கலாம். எது அகலம், எது உயரம் என்று எழுதியே கொடுங்கள். வெற்றுக் கண்ணாடிக்கு அது பெரிய விஷயமில்லை. கோடு போட்ட டிசைன் கண்ணாடியில் மாறிவிட்டால், பக்கத்துக் கதவில் நெடுக்காக ஓடும் கோடு உங்கள் புதுக் கண்ணாடியில் படுக்கையாக ஓடும்.

எந்தக் கண்ணாடி

பழையது என்ன தடிமனோ அதையே வாங்க வேண்டும். கனமாகப் போட்டால் உறுதி என்று 4 மில்லிமீட்டருக்குப் பதில் 6 போட்டால், காடியில் பீடிங்குக்கு இடம் போதாது, கீலும் சீக்கிரம் தொங்கிவிடும். கண்ணாடியின் எடை ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 2.5 கிலோ. மேலே சொன்ன அகலத்தில் 35 இன்ச் உயரக் கதவென்றால் 4 மில்லிமீட்டருக்கே கிட்டத்தட்ட 4 கிலோ.

தரை வரை இறங்கும் ஜன்னல், மாடிப்படித் திருப்பம், குளிக்கும் இடம் என ஆள் தடுமாறி மோதக்கூடிய இடங்களில் சாதாரணக் கண்ணாடி போடவே கூடாது. டஃபன்ட் கண்ணாடி கேளுங்கள். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிரவைப்பதால் சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு உறுதி. உடைந்தாலும் கத்தி போன்ற துண்டாகாமல் சோளப்பொரி அளவுக்குச் சிதறிவிடும். மூலையில் ஐஎஸ் 2553 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: டஃபன்ட் ஆனபின் அதை ஒரு நூல்கூட வெட்ட முடியாது. அளவு தப்பினால் முழுக் கண்ணாடியும் வீண்.

பாத்ரூம் ஜன்னலுக்குச் சொரசொரப்பான ஃப்ராஸ்டட் கண்ணாடி போட்டால், சொரசொரப்பு எந்தப் பக்கம் என்பது முக்கியம். அந்தப் பக்கம் நனைந்தால் தண்ணீர் மேடுபள்ளத்தை நிரப்பி, உள்ளே இருப்பது வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். ஷவர் படும் இடமென்றால் வழவழப்பான பக்கம் உள்ளே இருக்கட்டும். மழைச்சாரலும் அடிக்கும் என்றால் இரண்டு பக்கமும் நனைந்தாலும் மறைக்கும் டிசைன் கண்ணாடியே மேல்.

வெட்டியதும் ஓரத்தைத் தேய்த்து மழுக்கித் தரச் சொல்லுங்கள். ஓரத்தில் இருக்கும் சின்னச் சில்லுதான் பின்னால் விரிசலாக ஓடும். கொண்டுவரும்போது படுக்கவைக்காமல், ஓரத்தில் நிற்கவைத்துக் கொண்டுவர வேண்டும். பைக்கில் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வருவது வேண்டாம், ஆட்டோ பிடியுங்கள்.

பொருத்தும்போது

காடியில் பழைய பட்டி ஓர் அரிசி அளவு ஒட்டிக்கொண்டிருந்தாலும் கண்ணாடி முழுக்க அந்த ஒரு புள்ளியில்தான் சாயும். பீடிங் அடித்து இறுக்கியதும் அங்கேயே விரிசல் விடும். விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். சுத்தமான பின் வெறும் மரத்தில் ஒரு கோட் ப்ரைமர் அடித்துக் காயவிடுங்கள். இல்லையென்றால் பட்டியில் இருக்கும் ஆளிவிதை எண்ணெயை மரம் உறிஞ்சிக்கொள்ளும், பட்டி காய்ந்து உதிரும்.

கண்ணாடியை வெறும் மரத்தின்மேல் வைக்கக் கூடாது. காடியைச் சுற்றி மெல்லிய பட்டிப் படுக்கை, கீழ்ப்பக்கம் இரண்டு சின்ன ரப்பர் துண்டுகள். அகலத்தை நான்காகப் பிரித்தால் இரு ஓரத்திலிருந்தும் முதல் கால்பங்கு வரும் இடத்தில் ஒவ்வொன்று. கண்ணாடியின் எடை அந்த இரண்டில் இறங்கட்டும். பதியவைக்கும்போது ஓரங்களில் அழுத்துங்கள், நடுவில் அழுத்த வேண்டாம். நான்கு பக்கமும் மெல்லிய இடைவெளி தெரிகிறதா என்று பார்த்த பிறகு பீடிங்.

ஆணி அடிப்பதுதான் எல்லோருக்கும் பயம் தரும் கட்டம். பழைய ஓட்டையில் பழைய ஆணியையே அடித்தால் பிடிக்காது, வளையும். புது ஓட்டையை மெல்லிய பிட்டால் முன்னதாகவே போட்டுவிடுங்கள். கண்ணாடியின்மேல் ஓர் அட்டையை விரித்து, சுத்தியலின் தலை அந்த அட்டையை விட்டு மேலே எழும்பாமல் வழுக்கிக்கொண்டே வந்து ஆணியைத் தட்ட வேண்டும். ஓங்கி அடிக்க வேண்டிய வேலையே இல்லை. ஆணியின் முனை கண்ணாடியை விட்டு விலகி, மரத்துக்குள் போகும்படி சாய்ந்திருக்கட்டும்.

சந்து தெரிந்தால் எம்-சீலோ வெள்ளை சிமென்ட்டோ அடைப்பது பல வீடுகளில் பார்க்கும் பழக்கம். இரண்டும் கல்லாக இறுகிவிடும். நீங்கள் பார்த்துப் பார்த்து விட்ட இடைவெளியை நீங்களே அடைத்ததாகிவிடும். பட்டியோ சிலிக்கான் பசையோதான் சரி. பட்டி பூசினால் மேல்தோல் கட்ட ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும், அதுவரை பெயின்ட் வேண்டாம். பெயின்ட் அடிக்கும்போது கண்ணாடிமேலும் 2 மில்லிமீட்டர் ஏறட்டும், அப்போதுதான் மழைநீர் இடுக்கில் இறங்காது.

அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலில் கதவை மேலே தூக்கி ட்ராக்கிலிருந்து எடுக்க வேண்டும். 3 அடிக்கு 4 அடி, 5 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் கண்ணாடி மட்டுமே சுமார் 14 கிலோ. ஒரு ஆள் தனியாகத் தூக்கக் கூடாது. பழைய ரப்பரையே திரும்பப் போடுவது இங்கே வழக்கமான தவறு. வெயிலில் சுருங்கி விறைத்துப்போன ரப்பர் மூலையில் சந்து விடும், காற்றுக்குக் கண்ணாடி கடகடக்கும். சிலிக்கான் வாங்கும்போது ‘நியூட்ரல்’ என்று கேட்டு வாங்குங்கள். வினிகர் வாசனை அடிக்கும் வகை உலோகத்தை அரிக்கும். யுபிவிசியில் பீடிங் உள்பக்கம் ஆணியில்லாமல் கவ்விக்கொண்டிருக்கும், கடைசியாகப் போட வேண்டியது நீளமான பீடிங்.

சிலிக்கானோ பட்டியோ, ஈர மரத்தில் பிடிக்காது. ஐப்பசி மழை விட்ட இடைவெளியில் அவசரமாகப் பூசினால் சில நாளில் தோலாக உரிந்து வரும். உடைந்த இடத்தைத் தற்காலிகமாகப் பாலிதீன் ஷீட்டால் மூடிவிட்டு, மரம் இரண்டு மூன்று வெயில் காணும்வரை பொறுங்கள். சிலிக்கான் பூசியபின் 24 மணி நேரம் கதவை ஆட்டவே வேண்டாம்.

கதவைத் திரும்ப மாட்டியதும் மெதுவாக மூடிப் பாருங்கள். எங்கேயாவது நிலையில் உரசினால் அழுத்தி மூடிப் பழக்கிவிடலாம் என்று நினைக்கக் கூடாது, அந்த அழுத்தம் நேராகக் கண்ணாடிக்குத்தான் போகும். உரசும் இடத்தில் சாக்பீஸ் தடவி ஒருமுறை மூடித் திறந்தால் எங்கே இடிக்கிறது என்று அடையாளம் விழும். அந்த இடத்தை மட்டும் இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழைத்து, இழைத்த இடத்தில் பெயின்ட் தொட்டுவிடுங்கள்.