பெர்சிமன் பழம்: துவர்ப்பு போனபின் சாப்பிடுவது எப்படி?

பெர்சிமனை முதன்முறை வாங்குபவர்கள் பலர் ஒரே கடியில் வெறுத்துவிடுகிறார்கள். பழத்தின் மேல் குற்றமில்லை. கனிவதற்கு முன்பே வெட்டிவிடுகிறார்கள். சர்க்கரை துளியும் சேர்க்காமல் இவ்வளவு இனிக்கும் பழத்தை அப்படி இழந்துவிடக் கூடாது.

முதலில் வகையைப் பாருங்கள். தட்டை உருண்டையாக இருந்தால் பெரும்பாலும் துவர்க்காத ஃபூயூ. நீண்டு, நுனி கூம்பியிருந்தால் கனியும்வரை துவர்க்கும் ஹச்சியா. தட்டையான வகைகளிலும் துவர்ப்பவை உண்டு என்பதால் விற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். யாருக்கும் தெரியவில்லையா? ஹச்சியா என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபூயூவைக் கழுவி, காம்பிதழை நீக்கி, தோலோடு நறுக்கி மொறுமொறுவெனச் சாப்பிடலாம். வேலை முடிந்தது.

ஹச்சியாவில்தான் பொறுமை வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள். முழுக்க ஆரஞ்சாக மாறியபின்பும் காய் கெட்டியாகவே இருக்கும். அதிலுள்ள, நீரில் கரையும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உமிழ்நீரின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் நாக்கு வறண்டு இழுத்துப் பிடிக்கும். கனியக் கனிய டானின் கரையாத நிலைக்கு மாறிவிடும், துவர்ப்பும் தெரியாது. காகிதப் பையில் ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு வையுங்கள். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு சீக்கிரம் பழுக்க வைக்கும். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

பதம் பார்ப்பது கையால்தான். உள்ளங்கையில் வைத்தால் தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி தளதளக்க வேண்டும், தோல் கண்ணாடிபோல் மினுங்க வேண்டும். நுனி குழைந்தும் காம்பை ஒட்டிய தோள்பகுதி கெட்டியாக இருந்தால் இன்னும் விட்டுவையுங்கள். அந்த இடம்தான் கடைசியில் ஏமாற்றும்.

பழுத்ததும் குளிர வைத்து, மேற்பகுதியைச் சீவி, கரண்டியால் வழித்துச் சாப்பிடுங்கள். இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் தித்திப்பு திகட்டாது. அவசரமென்றால் காயை ஃப்ரீசரில் ஓர் இரவு உறைய வைத்து எடுத்தாலும் துவர்ப்பு பெருமளவு குறையும். ஆனால் எனக்குத் தானாகக் கனிந்ததன் மணம்தான் பிடிக்கும். நன்கு கனிந்ததைப் பாதி உறைய வைத்தால் ஐஸ்கிரீமே தேவைப்படாது.

100 கிராமில் சுமார் 70 கலோரி, 18 கிராம் மாவுச்சத்து. அதில் பெரும்பங்கு சர்க்கரைதான், நார்ச்சத்தும் 3 கிராமுக்கு மேல் உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் இதையும் அன்றைய கணக்கில் சேர்த்து அளவாகச் சாப்பிடுங்கள். கனியாததை வெறும் வயிற்றில் நிறையத் தின்றால் டானின் இறுகி வயிற்றில் கட்டியாகத் திரளக்கூடும். இரைப்பை அறுவை சிகிச்சை செய்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

பின்சேர்க்கை: கூழைச் சூடாக்கியதும் துவர்ப்பு திரும்பிவிட்டதாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். அப்படி நடக்கும். சூட்டில் டானின் மறுபடி கரைந்துவிடுகிறது, குறிப்பாக ஃப்ரீசரில் வைத்து எடுத்த பழத்தில். கேக்குக்கு என்றால் கூழில் ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி இந்தப் பழத்தை அடுப்பில் ஏற்றாமல் சாப்பிடுவதே என் விருப்பம்.