ஒரு நாள் ஸ்டார்ட் ஆகும், ஒரு நாள் ஆகாது: பிக்கப் வண்டியின் கோளாறை நீங்களே கண்டுபிடிக்க

கேத்தி பாலாடாவில் கேரட்டைக் கழுவி மூட்டை ஏற்றி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டிய நேரத்தில் சாவியைத் திருப்பினால் ‘டொக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. இன்னொரு தடவை திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிடும். எங்கள் டீசல் பிக்கப் நாலு மாதம் இப்படித்தான் ஆட்டம் காட்டியது. கீழே ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம், அங்கே வெயிலில் இருபது தடவை போட்டாலும் இருபது தடவையும் எடுத்தது. “நல்லாத்தானே இருக்கு” என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று புது பேட்டரி மாட்டி அனுப்பிவிட்டார்கள். மேலே வந்த மூன்றாம் நாள் காலை மறுபடி டொக்.

மலையில் இருக்கிற நமக்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்தி வைத்து, காலையில் கல்லை எடுத்துவிட்டு உருட்டி, இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டு ஸ்டார்ட் செய்துவிடுவோம். கோளாறு அப்படியே மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். லோடோடு இதைச் செய்யவே செய்யாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்காது, இரண்டு மூன்று மிதியிலேயே பெடல் கல்லாக இறுகிவிடும், பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் கனக்கும்.

வந்து வந்து போகிற கோளாறை அது வந்திருக்கும்போதுதான் பிடிக்க முடியும். அதனால் சாமான்களை டேஷ்போர்டிலேயே வைத்திருங்கள்: ஒரு சாதா மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், 10, 12, 13 நம்பர் ஸ்பேனர், உப்புத்தாள். முடிந்தால் ஒரு ஜம்பர் கேபிள்.

கை வைப்பதற்கு முன்னால் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள். பேட்டரி பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம், அதிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும்.

முதலில் காதைத் தீட்டுங்கள்

சாவியைத் திருப்பும்போது என்ன சத்தம் வருகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்கிற செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கோளாறு. உறைபனி மாதங்களில் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள், டீசல் லைனில் காற்று புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். ‘டக டக டக’ என்று வேகமாக அடித்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு ‘டொக்’ என்றால், மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்ச்சான சாலினாய்டு வேலை செய்கிறது, ஆனால் மோட்டாருக்குப் போதுமான கரண்ட் போய்ச் சேரவில்லை. சத்தமே இல்லையென்றால் சாவி ஸ்விட்ச், ரிலே, ஃபியூஸ், சில வண்டிகளில் கிளட்ச் ஸ்விட்ச்.

கூடவே ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் செத்துப் போனால் பேட்டரி அல்லது அதன் டெர்மினல் பக்கம் சந்தேகப்படுங்கள். எங்கள் வண்டியில் டொக் சத்தம் வந்தபோதும் லைட் பளிச்சென்றே இருந்தது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், புரியவில்லை.

பேட்டரியும் டெர்மினலும்

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து அளந்தால் 12.6 காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் சார்ஜ். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால், முதலில் முழுசாக சார்ஜ் செய்து மறுபடி பாருங்கள், அப்படியும் விழுந்தால் பேட்டரி போச்சு. இன்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வரவில்லை என்றால், நம் ஆட்கள் டைனமோ என்று சொல்கிற ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பாருங்கள்.

டெர்மினலைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மாற்றிச் செய்து ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியைச் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடித்த பிறகு மேலே வாசலின் தடவுங்கள். கையால் அசைத்தால் அசையவே கூடாது.

எர்த்: யாரும் பார்க்காத இடம்

நிறைய பேர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டேன். எர்த் என்பது கரண்ட் பேட்டரிக்குத் திரும்புகிற வழி. பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கோ சேஸிஸுக்கோ ஒரு வயர் போகும், அங்கிருந்து இன்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ பின்னிய பட்டை ஒன்று போகும். லைட், ஹாரன் எல்லாம் பாடியிலேயே எர்த் எடுத்துக்கொள்ளும், செல்ஃப் மோட்டார் மட்டும் இன்ஜின் வழியாக எடுக்கும். அதனால் இந்தப் பட்டை அரித்துப் போனாலும் லைட் பளிச்சென்று எரியும், செல்ஃப் மட்டும் சுற்றாது. மழை, மூடுபனி போதாதென்று, கழுவின கேரட்டிலிருந்து ஒழுகுகிற தண்ணீர் வேறு எங்கள் சேஸிஸை நனைத்துக்கொண்டே இருக்கும்.

மீட்டரை ‘பீப்’ சத்தத்தில் வைத்துச் சோதித்து “எர்த் ஓகே” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நூறு இழையில் ஒரு இழை மிச்சமிருந்தாலும் பீப் வரும். ஆனால் டீசல் வண்டியின் செல்ஃப் 200 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும், அந்த ஒரு இழையால் அதைத் தாங்க முடியாது.

சரியான சோதனை இப்படி. மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வையுங்கள், கிளாம்பில் இல்லை, ஈயக் கட்டையிலேயே. சிவப்பு முனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில் அழுத்துங்கள், ஃபேன் பெல்ட் பக்கம் கையோ துண்டோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து செல்ஃப் அடிக்கட்டும். 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. எங்கள் மச்சான் சாவியைத் திருப்ப, எனக்கு 2.8 காட்டியது! பேட்டரி தருவதில் அவ்வளவும் வழியிலேயே வீண். அதே போல பாசிட்டிவ் கட்டையிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை அளந்தால் 0.5-க்கு மேல் போகக் கூடாது.

மீட்டர் இல்லையா? ஜம்பர் கேபிளில் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் உலோகத்திலும் மாட்டிவிட்டு சாவியைத் திருப்புங்கள். டொக் போட்ட வண்டி உடனே எடுத்தால், எர்த்தான்.

இதெல்லாம் சரியாக இருந்தால்

செல்ஃப் மோட்டாரின் சின்ன வயரில் டெஸ்ட் லேம்ப் வைத்து ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் பின்னோக்கிப் போய் ரிலே, ஃபியூஸ், சாவி ஸ்விட்ச் என்று பாருங்கள். அதே நம்பர் உள்ள இன்னொரு ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்ப்பது காசில்லாத சோதனை. எரிந்தும் சுற்றவில்லை என்றால் கோளாறு மோட்டாருக்குள். ஸ்பேனர் பிடியால் லேசாகத் தட்டினால் எடுக்கிறதா, கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், கழற்றி எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்து போல்ட்டை ஷார்ட் செய்கிற வித்தை மட்டும் வேண்டாம். கியரில் இருந்தால் வண்டி உங்கள் மேலேயே ஏறும்.

எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு புது எர்த் பட்டை மட்டும்தான். பழையதைக் கழற்றியபோது போல்ட் பக்கம் பச்சையாகப் பொடிந்து கையோடு வந்தது. இரண்டு முனையிலும் பெயின்டும் துருவும் போக உப்புத்தாளால் தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கிய பிறகு அளந்தால் 0.15.

அப்புறம் ஒரு வாரம் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தினமும் காலையில் சாவியாலேயே ஸ்டார்ட் செய்து பாருங்கள். எங்கள் ஊரில் சமமான இடம் மாரியம்மன் கோயில் வாசல் ஒன்றுதான், பூசாரியிடம் சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்தினேன்.